பாகம் குறைந்தால் ரேடியோ எளிதாகிவிடுமா?

ஜூன் 3, கேள்வி

அண்ணா, ஹாம் (அமெச்சூர் ரேடியோ) தேர்வு எழுதி முடித்தாயிற்று, லைசென்ஸ் கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி. முதல் செட்டை நானே கட்டிவிட வேண்டும் என்று இருக்கிறேன். பிக்சி என்ற குட்டி ரேடியோ சர்க்யூட்டில் இரண்டு ட்ரான்சிஸ்டர், ஒரு ஐசி, ஒரு கிரிஸ்டல், அவ்வளவுதான். பிட்எக்ஸ் என்ற இன்னொரு செட்டின் சர்க்யூட்டைத் திறந்தால் பக்கம் முழுக்க ட்ரான்சிஸ்டர். ஒரே வேலையை இரண்டு ட்ரான்சிஸ்டரில் முடிக்க முடியும்போது எதற்கு இத்தனை? பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல டிசைன், இதுதான் என் கட்சி. யாராவது மறுத்துப் பேசுங்கள்.

ஜூன் 3, இரவு

மறுக்கிறேன் தம்பி. முதலில், இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. பிக்சி மோர்ஸ் மட்டும் அனுப்பும், கிரிஸ்டல் எந்த அலைவரிசையோ அங்கேயே நிற்கும் (கிட்களில் பெரும்பாலும் 7.023 மெகாஹெர்ட்ஸ்), ஏரியலுக்குப் போவது ஒரு வாட்டுக்கும் குறைவு. பிட்எக்ஸ் எஸ்எஸ்பியில் (ஒற்றைப் பக்கப்பட்டையில் குரல் அனுப்பும் முறை) பேசும், பேண்ட் (ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைப் பகுதி) முழுக்க சுற்றலாம்.

ஆனால் பிக்சியை நான் மட்டம் தட்டவில்லை. மைக்ரோ-80 என்ற ரஷ்ய வடிவமைப்பின் வழியில் வந்தது அது. அதில் ஒரு அழகான யோசனை இருக்கிறது: அனுப்பும்போது பவர் ஆம்ப்ளிஃபையராக இருக்கும் அதே ட்ரான்சிஸ்டர், கேட்கும்போது மிக்சராகிவிடுகிறது. ஏரியலிலிருந்து வரும் சிக்னலும் கிரிஸ்டல் ஆஸிலேட்டர் (செட்டுக்குள்ளேயே அலை உருவாக்கும் பகுதி) தரும் அலையும் அதற்குள் கலந்து, வித்தியாசம் ஆடியோவாக வெளியே வருகிறது, அதை எல்எம்386 என்ற ஐசி பெருக்கி ஹெட்போனுக்குத் தருகிறது. இதைக் கண்டுபிடித்தவர் மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சரி, விட்டுப்போனவை எங்கே போயின? முன்னால் உருப்படியான ஃபில்டர் இல்லை, அதனால் இரவு எட்டு மணிக்கு மேல் 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள், நீங்கள் எங்கும் டியூன் செய்யாமலேயே, சீன மொழியில் உங்கள் ஹெட்போனுக்குள் பேசும். பக்கப்பட்டை (கிரிஸ்டல் அலைவரிசைக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம்) பிரிக்க வழியில்லை, அதனால் கிரிஸ்டலுக்கு மேலே இருக்கும் நிலையமும் கீழே இருக்கும் நிலையமும் ஒன்றாகவே கேட்கும். இதையெல்லாம் தாண்டி எதிராளியின் மோர்ஸைப் பிரித்தெடுக்கும் பொறுப்பு உங்கள் காதுக்கு வந்து சேர்கிறது. போர்டில் பாகம் குறைந்தது உண்மை, ஆனால் அந்த வேலையை இப்போது ஆபரேட்டர் செய்கிறார். அது எளிமையான டிசைன்தானா என்பதே என் கேள்வி.

ஜூன் 4

இன்னொருவர் "அப்படியானால் டைரக்ட் கன்வர்ஷனே வேண்டாம் என்கிறீர்களா" என்று கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. பிக்சிபோல் சிக்னலை நேராக ஆடியோவாக்குவதுதான் டைரக்ட் கன்வர்ஷன். 1968 நவம்பரில் அமெரிக்க ஹாம் இதழான கியூஎஸ்டியில் வெஸ் ஹேவார்ட், டிக் பிங்கம் என்ற இரு ஹாம்கள் அதை மறுபடி எடுத்து வைத்தபோது, மிக்சருக்கு டயோடுகளைப் போட்டு, சுற்றிலும் ஒழுங்கான ஃபில்டர் வைத்துச் செய்தார்கள். அந்த ரிசீவரில் கேட்கிற மோர்ஸின் தெளிவு இருக்கிறதே, ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) நிலைகளும் கிரிஸ்டல் ஃபில்டரும் சேர்க்கிற மொரமொரப்பு எதுவும் இல்லாமல் தொனி மட்டும் சுத்தமாக நிற்கும். ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதற்கும் ஒரு விலை உண்டு. சிக்னலைப் பெருக்குகிற வேலை முழுவதும் ஆடியோவிலேயே நடக்கிறது, கிட்டத்தட்ட 100 டெசிபெல். மேசையைத் தட்டினால் ஸ்பீக்கரில் கேட்கும். அப்புறம் ஹம் என்ற உறுமல் சத்தம். சுவரில் மாட்டிய அடாப்டரில் ஓட்டினால், நம் ஆஸிலேட்டரின் சிக்னலே கசிந்து மின்கம்பி வழியாகப் போய், அடாப்டரின் டயோடுகளில் மின்சார அலையோடு சேர்ந்து திரும்ப ஏரியல் வழியாக உள்ளே வரும். கெபாசிட்டர் மேல் கெபாசிட்டராக எத்தனை போட்டாலும் அது போகாது. பேட்டரிக்கு மாற்றுங்கள், ஏரியலை வீட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள், உடனே அமைதியாகிவிடும். கட்டிய பலரும் "என் ஆடியோ ஆம்ப்ளிஃபையரில் கோளாறு" என்று அதையே மாற்றி மாற்றிச் சால்டர் செய்துகொண்டிருப்பார்கள்.

ஜூன் 6

பிட்எக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, அது நம் பக்கத்து ஊர் சரக்கு என்பது கூடுதல் சந்தோஷம்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2000களின் தொடக்கத்தில் 20 மீட்டர் (14 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுக்காக வடிவமைத்தது. ஆறு வாட் எஸ்எஸ்பி. இந்தியாவில் டொராய்டு கோர் (கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றும் வளையம்) கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்த காலம், வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. அவர் என்ன செய்தார் என்றால், குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் வாஷரில் காயில் சுற்றினார். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வாஷர், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரண ட்ரான்சிஸ்டர், கம்ப்யூட்டர் வேலைக்காக மலிவாக விற்கும் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். பவருக்கு ஐஆர்எஃப்510, அது ரேடியோவுக்காகச் செய்ததே அல்ல, ஸ்விட்சிங் வேலைக்கான மாஸ்ஃபெட்.

இனி சர்க்யூட்டைப் பாருங்கள். "பக்கம் முழுக்க ட்ரான்சிஸ்டர்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஆம்ப்ளிஃபையரை மட்டும் விரலால் மூடிக்கொண்டு மற்றதைப் பாருங்கள்: எல்லாம் அதன் நகல்கள். ஃபீட்பேக் போட்ட ஒற்றை ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர், பெருக்கத்தைத் தீர்மானிப்பது சுற்றியிருக்கும் ரெசிஸ்டர்கள், அதனால் ட்ரான்சிஸ்டருக்கு ட்ரான்சிஸ்டர் இருக்கும் வித்தியாசம் பெரிதாகப் பாதிக்காது. இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் முதுகோடு முதுகாக, ஒன்று இடமிருந்து வலம், மற்றது வலமிருந்து இடம். கேட்கும்போது ஒரு கம்பியில் 12 வோல்ட், பேசும்போது இன்னொரு கம்பியில் 12 வோல்ட். மின்சாரம் கிடைத்தவை வேலை செய்யும், கிடைக்காதவை சும்மா இருக்கும். கேட்கும்போது ஏரியல், ஃபில்டர், மிக்சர், கிரிஸ்டல் ஃபில்டர், டிடெக்டர், ஸ்பீக்கர். பேசும்போது அதே பாதையில் எதிர்த்திசை. கிரிஸ்டல் ஃபில்டர் ஒன்றுதான், மிக்சரும் அதேதான், விஎஃப்ஓவும் (அலைவரிசையை மாற்றிச் சுற்ற உதவும் ஆஸிலேட்டர்) அதேதான்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் எல்லாம் புரிந்துவிடுகிறது. பாகங்களை எண்ணினால் நூற்றுக்கு மேல், யோசனைகளை எண்ணினால் நாலைந்து. என்னைக் கேட்டால் எண்ண வேண்டியது இரண்டாவதை.

கணக்கும் அப்படித்தான். ஐஎஃப் 10, விஎஃப்ஓ 4, கூட்டினால் 14. தவறான இடத்தில் கேட்கும் இமேஜ் 10-இல் 4 போக 6 மெகாஹெர்ட்ஸ், 14-லிருந்து ரொம்ப தூரம், முன்னால் இருக்கும் சாதாரண பேண்ட்பாஸ் ஃபில்டரே தடுத்துவிடும். 2016-இல் வந்த பிட்எக்ஸ்40-இல் ஐஎஃப் 12, விஎஃப்ஓ 5, கழித்தால் 7, இமேஜ் 17-இல் போய் விழும். பேப்பர் வேண்டாம், பஸ்ஸில் நின்றுகொண்டே போடலாம் இந்தக் கணக்கை.

அதே நாள், கொஞ்சம் கழித்து

கிரிஸ்டல் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போயிற்று, புதிதாகக் கட்டுபவர்களுக்கு இது முக்கியம். ஃபில்டருக்குப் போடும் நாலு கிரிஸ்டலும் ஒரே அலைவரிசைக்கு மிக அருகில் இருக்க வேண்டும், 100 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நிம்மதி. பொருத்தமாகவே பொறுக்கி எடுத்த கிரிஸ்டல் செட்டும் விற்கிறார்கள். நான் வாங்கியதில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கைப்பிடி கிரிஸ்டல் வாங்கிவந்து, ஒரு ட்ரான்சிஸ்டர் ஆஸிலேட்டரில் ஒவ்வொன்றாகச் செருகி, அலைவரிசை அளக்கும் கவுண்டரில் தெரியும் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் கிரிஸ்டலின் தகரத் தலையில் மார்க்கர் பேனாவால் எழுதினேன். விரலில் பிடித்த சூட்டுக்கே எண் பத்து, இருபது ஹெர்ட்ஸ் நகர்கிறது, ஆற விட்டுத்தான் படிக்க வேண்டும். எழுதி முடித்து மேசையில் வரிசையாக அடுக்கினால் நாலு நாலாகத் தானே சேர்ந்துகொள்கின்றன. மிஞ்சியதில் ஒன்றை பிஎஃப்ஓவுக்கு (டிடெக்டருக்கு அலை தரும் ஆஸிலேட்டர்) எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 7

"ஒரே பாதையை இரு திசையிலும் பயன்படுத்துவது புதிதல்ல, காலின்ஸ் எப்போதோ செய்துவிட்டது" என்று ஒருவர். சரிதான். அமெரிக்காவின் காலின்ஸ் கம்பெனி 1957-இல் கேடபிள்யூஎம்-1, 1959-இல் கேடபிள்யூஎம்-2 கொண்டுவந்தபோது, தனி ரிசீவர் தனி ட்ரான்ஸ்மிட்டர் என்று மேசையை அடைத்துக்கொண்டிருந்ததை ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தார்கள், ஆஸிலேட்டரையும் மெக்கானிக்கல் ஃபில்டரையும் பகிர்ந்துகொண்டதால்தான் அது முடிந்தது. இதனால் ஆபரேட்டருக்கு இன்னொரு லாபம்: நீங்கள் கேட்கும் இடத்திலேயேதான் பேசுவீர்கள், தனியாக ட்ரான்ஸ்மிட்டரை இழுத்து ஒத்துவைக்கும் வேலை கிடையாது. ஒரு சிக்கனம் இரண்டு பக்கமும் நல்லது செய்வது அபூர்வம், இது அப்படிப்பட்டது.

ஆனாலும் ஃபர்ஹான் செய்தது அதன் மறுபதிப்பு என்று சொல்ல மாட்டேன். காலின்ஸ் பெட்டியை வாங்கியவர் பணக்காரர். பிட்எக்ஸை ஒரு கல்லூரிப் பையன் செம்புத் தகடு போட்ட வெற்று போர்டின் மேல், பாகங்களைக் காற்றில் நிற்கவைத்துச் சால்டர் செய்தே கட்டிவிடலாம்.

ஜூன் 9

விஎஃப்ஓ பற்றிக் கேட்டவருக்கு.

காயிலும் கெபாசிட்டரும் வைத்த விஎஃப்ஓ பார்வைக்கு மிக எளிது. ஒரு ட்ரான்சிஸ்டர், ஒரு காயில், சில கெபாசிட்டர். மே மாதம் சென்னையில் அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒரே இடத்தில் பேசிப் பாருங்கள். சூடு ஏற ஏற அலைவரிசை நழுவும், எதிரில் பேசுபவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சென்றோ கரகரவென்றோ மாறிக்கொண்டே போகும். மேலே ஃபேன் ஓடினால் மூடி போடாத விஎஃப்ஓ காற்றுக்கே ஆடும். இதைச் சரிக்கட்ட பாலிஸ்டைரின் கெபாசிட்டர் தேடி அலைந்து (சூடானால் அதன் மதிப்பு குறையும், காயிலுடையது கூடும், ஒன்றை ஒன்று ஈடுகட்டும்), தகரப் பெட்டி கட்டி, மெழுகு உருக்கி ஊற்றி, பழைய ஆட்கள் பட்ட பாடு ஒரு தனி சாஸ்திரம்.

பிட்எக்ஸ்40-இல் இதற்குப் பதில் ராடுவினோ என்ற குட்டி போர்டு வந்தது: ஒரு ஆர்டுயினோ நானோ (சின்னக் கம்ப்யூட்டர்), அலை உருவாக்கும் ஒரு எஸ்ஐ5351 சிப், ஒரு எல்சிடி. அலைவரிசை நழுவுவது நின்றுபோயிற்று. டயலில் பளிச்சென்று எண் தெரிகிறது. பழைய ஆட்கள் பலர் இதைக் கெடுதல் என்றார்கள், ரேடியோவுக்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்றார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. காயில் விஎஃப்ஓவில் ட்ரான்சிஸ்டர் ஒன்றுதான், ஆனால் அதை நிற்கவைக்கும் வித்தை அத்தனையும் கட்டுபவர் தலையில். எஸ்ஐ5351-இல் உள்ளே ஆயிரக்கணக்கான ட்ரான்சிஸ்டர் இருக்கலாம், கட்டுபவருக்கு அது மூன்று அலைவரிசை தரும் ஒரு சிப், டேட்டாஷீட் உண்டு, அதை இயக்கும் நிரல் திறந்து கிடக்கிறது. டியூன் செய்யும்போது ஸ்பீக்கரில் டிக் டிக்கென்று கேட்பது ஒன்றுதான் எரிச்சல், கம்பிகளை ஒழுங்காகப் பிரித்து ஓட்டினால் அதுவும் அடங்கும்.

ஜூன் 12

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் எளிமைக்காக மட்டும் வாதாடுவதுபோல் இருக்கிறது. மறுபக்கமும் எழுத வேண்டும்.

ஃபர்ஹானின் மைக்ரோ பிட்எக்ஸ் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லா பேண்டும், 109 டாலர், ரிசீவர் முன்னால் பேண்டுக்கு ஒரு ஃபில்டர் என்ற வழக்கமே கிடையாது. எப்படி? முதல் ஐஎஃப் 45 மெகாஹெர்ட்ஸ். வரும் சிக்னலை மேலே தூக்கிவிடுகிறார்கள். அதனால் இமேஜ் 90-க்கு மேலே போய் விழுகிறது, 30-க்கு மேல் வெட்டும் ஒரே ஒரு லோ பாஸ் ஃபில்டர் எல்லா பேண்டுக்கும் போதும். பிறகு இரண்டாவது ஐஎஃப் 12. நடு ஆஸிலேட்டரை 33-இல் வைத்தால் ஒரு பக்கப்பட்டை, 57-இல் வைத்தால் மற்றது. முன்பு சொன்ன எஸ்ஐ5351-இன் மூன்று வெளியீடும் இந்த மூன்று ஆஸிலேட்டருக்கே சரியாகப் போய்விட்டது. கேட்பதைப் பொறுத்தவரை இதைவிடச் சிக்கனமான யோசனை கிடையாது.

பேசும்போதுதான் சிக்கல். 45-லிருந்து அனுப்பும் அலைவரிசையைக் கழித்தால் வரும் இடத்திலும் ஒரு வேண்டாத சிக்னல் பிறக்கிறது. 7-இல் பேசினால் அது 38-இல், வெளியே போகும் ஃபில்டர் அதை விழுங்கிவிடும். 28-இல் பேசினால் அது 17-இல். 30 வரை விடும் ஃபில்டர் 17-ஐயும் சந்தோஷமாக விட்டுவிடும். கூடவே ஹார்மோனிக் (அனுப்பும் அலைவரிசையின் மடங்குகளில் பிறக்கும் சிக்னல்) ஃபில்டர்களை மாற்றும் ரிலேக்களைச் சுற்றிச் சிக்னல் குறுக்கே தாவி, ஃபில்டரைத் தாண்டாமலேயே ஏரியலுக்குப் போனது. முதல் சில பதிப்புகளில் இது அளந்து காட்டப்பட்டது, உலகம் முழுக்கப் பலர் உட்கார்ந்து தீர்வு தேடினார்கள், ஐந்தாம் பதிப்பில் போர்டையே மாற்றி அமைத்தார்கள். எல்லாம் வெளிப்படையாக நடந்தது, அதைப் படித்தே நான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

அமெரிக்க விதிப்படி 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டாத சிக்னல் 43 டெசிபெல்லாவது கீழே இருக்க வேண்டும். 5 வாட் அனுப்பினால் கசிவு கால் மில்லிவாட்டுக்குள் அடங்க வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கால் மில்லிவாட்டை எட்டத்தான் மூன்று காயில், ஏழெட்டு கெபாசிட்டர், ஒரு தகரத் தடுப்பு எல்லாம். இதில் கை வைத்துப் பாகத்தைக் குறைத்தால் கஷ்டம் நமக்கு வராது, 17 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் யாருக்கோ வரும், அவருக்கு நாம் யாரென்றே தெரியாது. ரிசீவரில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடுங்கள், அது உங்கள் காது, உங்கள் பாடு. ட்ரான்ஸ்மிட்டரின் வெளிவாசலில் விட்டுவிட உங்களுக்கு உரிமை இல்லை. இதில் நான் பிடிவாதக்காரன்.

ஜூன் 13

"ஐகாம் கம்பெனியின் ஐசி-7300 செட்டை வாங்கினால் இந்தத் தலைவலி எதுவுமே இல்லையே, ஏரியலிலிருந்து நேராக சிப்புக்கு, அதுதானே உண்மையான எளிமை" என்கிறார் ஒருவர்.

நல்ல செட், மறுக்கவில்லை. 2016-இல் வந்து சந்தையையே புரட்டிப் போட்டது. ஆனால் "நேராக சிப்புக்கு" இல்லை. அந்த 14 பிட் ஏடிசிக்கு (சிக்னலை எண்களாக மாற்றும் சிப்) முன்னால் 15 பேண்ட்பாஸ் ஃபில்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. மிக்சரையும் ஐஎஃப்பையும் தூக்கியவர்கள் முன்வாசல் ஃபில்டரை மட்டும் தூக்கவில்லை, ஏனென்றால் பக்கத்துத் தெரு ஒலிபரப்பு நிலையம் ஏடிசியை நிரப்பிவிட்டால் அதற்கப்புறம் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. பிக்சியில் இல்லாத அதே ஃபில்டர்தான்.

ஓட்டுவதற்கு அது எளிது, பிக்சியைவிடப் பல மடங்கு எளிது. பத்து வயதுக் குழந்தைகூடத் திரையில் மேடு தெரியும் இடத்தைத் தொட்டு நிலையத்தைப் பிடித்துவிடும். பழுது பார்ப்பதற்கு? எனக்குத் தெரிந்தவருடைய வேறொரு கம்பெனி செட் ஒன்று, பெயர் வேண்டாம், திடீரென்று திரை இருண்டுபோயிற்று. சர்வீஸில் "மெயின் போர்டையே மாற்ற வேண்டும்" என்றார்கள், செட்டின் விலையில் பாதி. என்ன கெட்டது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. ஒரு ரெகுலேட்டராக இருந்திருக்கலாம், ஒரு கனெக்டராக இருந்திருக்கலாம்.

ஜூன் 15

முந்தாநாள் எழுதியதைத் திரும்ப யோசித்தேன். "மென்பொருள் வந்தாலே மூடிய பெட்டி" என்ற தொனி அதில் இருக்கிறது, அது நியாயமில்லை.

ஃபர்ஹானே பிறகு எஸ்பிட்எக்ஸ் செய்தார். ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு ஆடியோ கோடெக், முன்னால் கொஞ்சம் ஹார்டுவேர். எஸ்எஸ்பி ஃபில்டர், டிடெக்டர், ஏஜிசி (சிக்னல் பலத்துக்கேற்ப ஒலியைத் தானே சமன் செய்வது) எல்லாம் சி என்ற கம்ப்யூட்டர் மொழியில், திறந்து வைத்திருக்கிறார், யாரும் படிக்கலாம். ஏஜிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்டுவேரில் அதை ஒழுங்காகச் செய்வது நரகம்: சிக்னல் வந்ததும் சட்டென்று அடக்க வேண்டும், நின்றதும் மெதுவாக விட வேண்டும், இடையில் டப்பென்று சத்தம் வரக் கூடாது, இதற்கு எத்தனை டயோடு, எத்தனை கெபாசிட்டர், எத்தனை நாள். நிரலில் ஒரு பக்கம்கூட வராது. வேகம் பிடிக்கவில்லையா, ஒரு எண்ணை மாற்றிவிட்டுத் திரும்ப ஓட்டலாம். படிக்கத் தெரிந்தவருக்கு அது ட்ரான்சிஸ்டர் ஏஜிசியைவிட எளிது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கியூசிஎக்ஸ் என்ற கிட் இன்னொரு வகை. ஹான்ஸ் சம்மர்ஸ் 2017-இல் பிரிட்டனில் நடந்த இளைஞர் முகாமுக்காகச் செய்தது, அப்போது 49 டாலர், 5 வாட் மோர்ஸ், மூன்று பிஎஸ்170 மாஸ்ஃபெட் சேர்த்து கிளாஸ்-ஈ (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபையர். அதன் ஃபர்ம்வேர் (உள்ளிருக்கும் மென்பொருள்) மூடியது. ஆனால் அதோடு வரும் கையேட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நூறு பக்கத்துக்கும் மேல், ஒவ்வொரு பாகத்தையும் எங்கே போடுவது என்பதோடு நிற்காமல் ஒவ்வொரு பகுதியும் ஏன் அங்கே இருக்கிறது என்றும் அலைவடிவப் படத்தோடு விளக்குகிறது. செட்டுக்குள்ளேயே வோல்ட்மீட்டர், அலைவரிசை கவுண்டர், சிக்னல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார், வெளிக் கருவி எதுவும் இல்லாமல் டியூன் செய்து முடித்துவிடலாம். ஃபர்ம்வேரில் கூட்டிய சிக்கல் கட்டுபவரின் மேசையைக் காலியாக்கியிருக்கிறது.

ஆக என் அளவுகோலைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். சிக்னல் போகும் பாதையை ஏரியல் முதல் ஸ்பீக்கர் வரை ஒரே தாளில் நினைவிலிருந்து வரைய முடியுமா, வரைந்த ஒவ்வொரு பெட்டியையும் திறந்து சோதிக்க ஒரு வழி இருக்கிறதா? பெட்டிக்குள் ட்ரான்சிஸ்டர் இருந்தாலும் சரி, நிரல் இருந்தாலும் சரி.

ஜூன் 20

பேட்டரி பற்றி யாரும் பேசவில்லையே.

ஐசி-7300 சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே 0.9 ஆம்பியர் எடுக்கும். பிட்எக்ஸ்40 சுமார் 150 மில்லி ஆம்பியர். ஒரு 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் முதலாவது எட்டு மணி நேரத்தைத் தொடாது, இரண்டாவது கிட்டத்தட்ட இரண்டு நாள் ஓடும். வேகமான ஏடிசி, எஃப்பிஜிஏ சிப், கலர் திரை எல்லாவற்றுக்கும் தீனி வேண்டும், நீங்கள் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் ஹாம் ஆபரேட்டர் பாரதி பிரசாத்தின் குழு இருந்ததும், தொலைபேசி செத்துப்போன நேரத்தில் ஹாம் வழியாகச் செய்தி போனதும் நமக்கெல்லாம் தெரியும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் உட்கார்ந்திருந்தால் 0.9-க்கும் 0.15-க்கும் உள்ள வித்தியாசம் எல்லாவற்றுக்கும் மேலே வந்துவிடும். திரையில் தெரியும் நல்ல அலைக்காட்சி அப்போது இரண்டாம்பட்சம்.

ஜூன் 24

முதல் பிட்எக்ஸில் ஏஜிசியே இல்லை, அது குறையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குறை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பக்கத்து ஊர்க்காரர் 400 வாட்டில் திடீரென்று வந்தால் ஹெட்போனைப் பிடுங்கி எறியத் தோன்றும். கை எப்போதும் வால்யூமில் இருக்க வேண்டும். ஸ்பீக்கரில் கேட்பவருக்குப் பரவாயில்லை, ஹெட்போன்காரர்கள் ஆடியோ பக்கம் இரண்டு டயோடுகளை எதிரெதிராகப் போட்டு உச்சத்தை வெட்டிவிடுங்கள். காது பத்திரம்.

அதே மாதிரி முன்னால் ஆர்எஃப் ஆம்ப்ளிஃபையர் சேர்க்கலாமா என்ற கேள்விக்கும்: 40 மீட்டருக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) வேண்டாம். பேண்டின் இரைச்சலே ரிசீவரின் இரைச்சலைவிட அதிகம், எல்ஈடி பல்புகளும் இன்வெர்ட்டர்களும் சூழ்ந்த ஊரில் கேட்கவே வேண்டாம். பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும், கூடவே அந்த ஒலிபரப்பு நிலையங்கள் மிக்சரைத் திணறடிக்கும். 10 மீட்டர் (28 மெகாஹெர்ட்ஸ்) என்றால் போடுங்கள், அங்கே பேண்டு அமைதியாக இருக்கும். ஏரியலைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், மாட்டியதும் இரைச்சல் தெளிவாக ஏறினால் உங்கள் ரிசீவருக்கு இருக்கும் பெருக்கம் போதும்.

ஜூலை 2

கேள்வி கேட்ட தம்பி, பிக்சியை முதலில் கட்டிவிட்டு அதிலேயே மோர்ஸ் பழகி, அப்புறம் பிட்எக்ஸுக்குப் போகப்போகிறேன் என்று எழுதியிருக்கிறார். கட்சி மாறவில்லையாம், ஆனால் இரண்டையும் கட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறாராம். நல்ல வரிசை. பிட்எக்ஸை ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள் தம்பி: எல்எம்386-ஐ முடித்து, உள்ளே விரல் வைத்தால் ஹம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிடெக்டருக்குப் போக வேண்டும், இப்படியே ஏரியல் வரை பின்னோக்கி.

ஐஆர்எஃப்510-இன் முதுகுத் தகடு ட்ரெயின் (drain) காலோடு இணைந்தது, 12 வோல்ட்டும் ஆர்எஃப்பும் அதில்தான். ஹீட் சிங்குக்கும் அதற்கும் நடுவில் மைக்கா போட்டு, மல்டிமீட்டரில் ஷார்ட் இல்லை என்று பார்த்த பிறகே கரண்ட் கொடுங்கள். பயாஸ் பிரீசெட்டை (கேட் வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் சின்ன ரெசிஸ்டர்) கீழ்க்கோடியில் வைத்து, ட்ரெயின் கம்பியில் அம்மீட்டரைப் போட்டு, 50 மில்லி ஆம்பியர் வரை மெதுவாக ஏற்றுங்கள். மலிவுப் பிரீசெட் வேண்டாம், நடுக்கால் ஒரு கணம் விட்டுப்போனாலும் கேட் வோல்ட்டேஜ் தாறுமாறாகி மாஸ்ஃபெட் போய்விடலாம்.

லைசென்ஸ் வருவதற்கு முன் ஏரியலே மாட்ட வேண்டாம். இரண்டு 100 ஓம் கார்பன் ரெசிஸ்டரை, ஒவ்வொன்றும் 3 வாட்டாவது தாங்குவதாகப் பார்த்து, பக்கவாட்டில் சேர்த்தால் 50 ஓம் டம்மி லோடு (ஏரியலுக்குப் பதில் போடும் சுமை) தயார். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் ஆகாது, அதுவே ஒரு காயில். ஒரு டயோடும் 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வைத்து அதன் மேல் வோல்ட்டேஜைப் பாருங்கள், 22 வோல்ட் பக்கம் காட்டினால் 5 வாட். லைசென்ஸ் வந்ததும் லோ பாஸ் ஃபில்டரை நண்பர் யாரிடமாவது ஸ்பெக்ட்ரம் அனலைசரிலோ டைனிஎஸ்ஏ என்ற அதன் குட்டி வடிவத்திலோ போட்டுப் பார்த்துவிட்டுப் படத்தை இங்கே போடுங்கள், 7-இல் பேசும்போது 14 மெகாஹெர்ட்ஸில் நிற்கும் இரண்டாம் ஹார்மோனிக் எவ்வளவு கீழே இருக்கிறது என்று சேர்ந்தே பார்க்கலாம்.